விசில் வாத்தியார் பதில்கள்: இந்த வாரம் முழுக்க பாப் ஹேஸ்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘ஒலிம்பிக் தங்கமும் வாங்கி, அமெரிக்க ஃபுட்பாலின் சூப்பர் பௌல் மோதிரமும் போட்ட ஒரே ஆள் பாப் ஹேஸ்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். (சூப்பர் பௌல் என்பது அந்த விளையாட்டின் உச்சப் போட்டி, ஜெயித்த அணிக்கு மோதிரம் தருவார்கள்.) அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சரி, மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். எழுதியவர்களின் ஊரை மட்டும் போடுகிறேன். பாதிப் பேரின் கையெழுத்தில் பெயர் எது, இனிஷியல் எது என்றே தெரியவில்லை.

ஐயா, உசேன் போல்ட்டும் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கால்பந்து ஆடப் போனார். ஹேஸும் அப்படி ஆசைப்பட்டுப் போனவர்தானா? (விழுப்புரம்)

போல்ட் போனது நாம் ஆடுகிற கால்பந்துக்கு. 2018-ல் ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் அணியோடு சில வாரம் பயிற்சி எடுத்தார், ஒரு நட்பு ஆட்டத்தில் 2 கோல் போட்டார், ஒப்பந்தம் அமையவில்லை, கிளம்பிவிட்டார். ஹேஸ் ஆடியது முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். பெயரில்தான் கால் இருக்கிறது, வேலையெல்லாம் கைக்குத்தான். கீழே ‘ஃபுட்பால்’ என்று நான் எழுதுவது இந்த விளையாட்டைத்தான்.

அதைவிட முக்கியம், நீங்கள் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். தப்பு உங்களுடையது இல்லை, எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஹேஸ் ஓட்டத்திலிருந்து ஃபுட்பாலுக்குப் போனவர் இல்லை. ஃபுட்பால்காரர் நடுவில் ஓடப் போயிருந்தார், அவ்வளவுதான்.

1942 டிசம்பரில் ஃப்ளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் பிறந்தவர். மேத்யூ கில்பர்ட் உயர்நிலைப் பள்ளி. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று பிரித்து வைத்திருந்த காலம். போட்டியும் அப்படியே, கறுப்பினப் பள்ளிகள் தங்களுக்குள் மட்டும்தான் மோதிக்கொள்ள வேண்டும். 1958-ல் அந்தப் பள்ளியின் ஃபுட்பால் அணி 12 ஆட்டம் ஆடி 12-லும் ஜெயித்தது. அந்த அணியில் ஹேஸ் முதல் வரிசை ஆள்கூட இல்லை, மாற்று ஆட்டக்காரர். அப்புறம் டல்லஹாசியில் உள்ள ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், அதுவும் கறுப்பின மாணவர்களுக்கானது. அங்கே ஃபுட்பால் பயிற்சியாளர் ஜேக் கெய்தர் பெரிய புள்ளி. அவர் பார்வையில் ஹேஸ் தன் அணி ஆள். ஓட்டப் பயிற்சிக்கு அனுப்ப அவருக்கு அவ்வளவு மனசில்லை. ஜனாதிபதி லிண்டன் ஜான்சனே போன் போட்டு, ‘ஒலிம்பிக் வருகிறது, பையனை முழுசாக விட்டு வையுங்கள்’ என்கிற மாதிரி கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். நான் பள்ளியில் விசில் ஊதிய காலத்தில், கபடிப் பையனை ஓட்டத்துக்கு இரண்டு நாள் கடன் வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஜனாதிபதியிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

டல்லஸ் கௌபாய்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரை, கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் ‘டிராஃப்ட்’ என்னும் தேர்வில் எடுத்தது 1964-ஐச் சேர்ந்த பட்டியலில், அதுவும் ஏழாவது சுற்றில், 88-வது ஆளாக. எதிர்காலத்துக்கு ஒரு துண்டு போட்டு வைத்த மாதிரி. 1964 ஒலிம்பிக்குக்காக டோக்கியோவுக்கு விமானம் ஏறும்போதே அவருக்கு டல்லஸில் இடம் இருந்தது.

டோக்கியோவில் இரவல் ஷூ போட்டு ஓடி ஜெயித்தார் என்று என் தாத்தா சொன்னார். கதை விடுகிறாரா? (தேனி, ப்ளஸ் ஒன் மாணவன்)

தாத்தாவிடம் மன்னிப்பு கேட்டுவிடு தம்பி. விளையாட்டு கிராமத்து அறையில் நண்பர்களோடு கும்மாளம் போட்டதில் ஒற்றை ஸ்பைக்ஸ் ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மைதானத்துக்கு வந்து பையைத் திறந்தால் ஒரு ஷூதான் இருக்கிறது. சக வீரர் ஒருவரிடம் இரவல் வாங்கித்தான் 100 மீட்டர் இறுதிக்கு நின்றார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவருக்கு விழுந்த லேன். முதல் லேன். டிவியில் பார்க்கிற இன்றைய ரப்பர் தளத்தில் எல்லா லேனும் ஒன்றுதான். அது சிண்டர் தடம், கரிச்சாம்பலை அரைத்துக் கொட்டி அழுத்திய தரை. அந்த மாதிரித் தரையில் உள்பக்கத்து முதல் லேன்தான் எப்போதும் குண்டும் குழியுமாக இருக்கும். நீண்ட தூரம் ஓடுகிறவன், நடக்கிறவன், கொடி பிடிக்கிறவன், எல்லோரும் அதில்தான் மிதிப்பார்கள். டோக்கியோவிலும் 20 கிலோமீட்டர் நடைப்போட்டிக்காரர்கள் மிதித்துக் கிளறிப் போட்ட தடத்தில்தான் ஹேஸ் ஓட வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டப் போட்டிகளில் முதல் லேன் விழுந்தால் பையன்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் வானத்தைப் பார்ப்பேன்.

1964 அக்டோபர் 15. மின்னணுக் கருவி காட்டியது 10.06, அன்றைய கணக்குமுறையில் 10.0 என்று எழுதினார்கள். அது அப்போதைய உலக சாதனைக்குச் சமம். அதே 10.0-ஐ 1960-லேயே ஓடி வைத்திருந்த கனடாவின் ஹாரி ஜெரோம் மூன்றாவதாக வந்தார், கியூபாவின் என்ரிக்கே ஃபிகெரோலா இரண்டாவது. இருவருக்கும் ஹேஸுக்கும் நடுவே 0.2 விநாடி. 100 மீட்டரில் அது இரண்டு மீட்டர் இடைவெளி.

ஓடும் அழகு? சொல்லவே வேண்டாம். பாதம் இரண்டும் உள்பக்கம் திரும்பியிருக்கும், தோள் இரண்டு பக்கமும் ஆடும். 80 கிலோவுக்கு மேல் உடம்பு. பழைய படச்சுருளைப் பார்த்தால் பஸ்ஸைத் துரத்துகிற ஆள் மாதிரி இருக்கும். என் பள்ளிக்கு அப்படி ஒரு பையன் வந்திருந்தால் முதல் நாளே ‘காலை நேராக வை’ என்று கத்தியிருப்பேன், அவனைக் கெடுத்தும் இருப்பேன்.

21 வயதில் உலகத்திலேயே வேகமானவர். 1968 ஒலிம்பிக்குக்கு ஏன் வரவில்லை? (சிவகாசி)

வரவிடமாட்டார்கள். அப்போது ஒலிம்பிக் அமெச்சூர்களுக்கு மட்டும். எந்த விளையாட்டிலானாலும் சரி, சம்பளம் வாங்கி ஆடினால் தடகளக் கதவு மூடிக்கொள்ளும். டோக்கியோ முடிந்த கையோடு கல்லூரி ஃபுட்பால் ஆடி, 1965-ல் டல்லஸில் சேர்ந்தார். ஓட்டக்காரராக ஹேஸின் வாழ்க்கை 21 வயதில் முடிந்தது. 1963-ல் செயிண்ட் லூயிஸில் 100 கஜத்தை 9.1 விநாடியில் ஓடியிருந்தார். ஓட்டத்தை விட்டுப் பத்து வருடம் கழித்து, 1974-ல்தான் ஒருவர் அதை 9.0 ஆக்கினார்.

வேகமாக ஓடினால் மட்டும் ஃபுட்பாலில் போதுமா? ஹேஸ் வந்ததால் ஆட்டத்தின் விதியே மாறியது என்கிறார்களே? (கோயம்புத்தூர், பி.டி. மாஸ்டர்)

விதி மாறவில்லை மாஸ்டர், தடுக்கிற விதம் மாறியது. உங்களுக்கு எளிதாகப் புரியும். அதுவரை பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். பந்தைப் பிடிக்க ஓடுகிறவன் பின்னால் தடுப்பாளன் ஒருவன் ஒட்டிக்கொண்டே ஓடுவான். ஹேஸ் வந்ததும் அந்த ஒருவன் என்ன செய்வான்? பத்து கஜம் பின்னால் தள்ளி நின்றாலும் நான்கு விநாடியில் ஹேஸ் அவனைத் தாண்டிவிடுவார். டல்லஸின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிற ஆள், டான் மெரிடித் பந்தைத் தூக்கி வானத்தில் போடுவார், கீழே ஹேஸ் மட்டும் இருப்பார்.

முதல் வருடமே 46 பந்து பிடித்து 1,003 கஜம், 12 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது). இரண்டாவது வருடம் 64 பந்து, 1,232 கஜம், 13 டச் டவுன். இரண்டு வருடமும் பந்து பிடித்து எடுத்த டச் டவுன்களில் லீக்கிலேயே முதலிடம். 1966 நவம்பரில் வாஷிங்டன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 246 கஜம், அதில் ஒரே வீச்சில் 95 கஜம். கிட்டத்தட்ட மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை. டல்லஸில் அந்த 246-ஐ 2009 வரை யாரும் தாண்டவில்லை.

எதிரணிகள் யோசித்தன. ஆளைக் காப்பதை விட்டுவிட்டு இடத்தைக் காக்க ஆரம்பித்தன. இந்தப் பகுதி உனக்கு, அந்தப் பகுதி எனக்கு, எல்லோருக்கும் பின்னால் ஒருவன் சும்மா காத்திருப்பான். கிளம்பும் இடத்திலேயே மோதி அவர் வேகத்தைக் கெடுப்பது இன்னொரு வழி. இதெல்லாம் முன்பே கொஞ்சம் கொஞ்சம் இருந்ததுதான். ஆனால் எல்லா அணிகளும் மும்முரமாகப் பிடித்துக்கொண்டதற்கு ஹேஸின் கால் பெரிய காரணம். பின்னால் அவர் எண்ணிக்கை குறைந்ததற்கும் அதுவே காரணம். ஆனால் எண்ணிக்கையில் வராத ஒன்று உண்டு. ஹேஸ் பின்னால் இரண்டு பேர் ஓடினால் வேறொருவர் தனியாக நிற்பார் இல்லையா?

‘போதுமா’ என்று கேட்டீர்கள். போதாது. பள்ளி நாளிலிருந்து பந்து பிடித்துப் பழகிய கை அது. அதையும் மீறி ஒரு நாள் காட்டிக்கொடுத்தது. 1967 டிசம்பர் 31, கிரீன் பே நகரில் லீக்கின் இறுதிப்போட்டி. ‘ஐஸ் பௌல்’ என்றே அதற்குப் பெயர். ஏறக்குறைய மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். ஃப்ளோரிடாக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும்! தனக்குப் பந்து வராத சமயங்களில் ஹேஸ் கையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். பந்து வரப்போகிறது என்றால் கை வெளியே. எதிரணி அதைக் கவனித்துவிட்டது. கை உள்ளே என்றால் இவரைப் பற்றிக் கவலையில்லை. டல்லஸ் 17–21 என்று தோற்றது.

சூப்பர் பௌல் மோதிரம் கிடைத்தது 1972 ஜனவரியில், நியூ ஆர்லியன்ஸில். மயாமியை 24–3 என்று அடித்தார்கள். டல்லஸுக்கும் அதுதான் முதல் சூப்பர் பௌல் வெற்றி.

ஹேஸைப் பார்த்து வேறு ஓட்டக்காரர்கள் போகவில்லையா? (பாண்டிச்சேரி)

வரிசை கட்டிப் போனார்கள். டோக்கியோவில் 200 மீட்டர் தங்கம் வாங்கிய ஹென்றி கார், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் மூன்று வருடம் தடுப்பாளராக ஆடினார், மோசமில்லை. 1968-ல் மெக்சிகோவில் 9.95 ஓடிய ஜிம் ஹைன்ஸ் பாடுதான் பரிதாபம். மயாமியிலும் கன்சாஸ் சிட்டியிலும் சேர்த்து மொத்தம் இரண்டு பந்து பிடித்தார். ‘ஊப்ஸ்’ என்று பட்டப்பெயர், நம் ஊரில் ‘ஐயய்யோ’ என்று கூப்பிடுகிற மாதிரி. ஹைன்ஸ் உலக சாதனைக்காரர், அவர் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. 110 மீட்டர் தடையோட்டத்தை 13 விநாடிக்குள் முடித்த முதல் ஆளான ரெனால்டோ நெஹமாயா, சான் பிரான்சிஸ்கோவில் ஆடி மோதிரமும் வாங்கினார். ஆனால் 1980-ல் அமெரிக்கா ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவரிடம் பதக்கம் இல்லை. அதனால்தான் ‘ஒரே ஆள்’ என்று எழுதினேன்.

போதைப்பொருள் விற்ற வழக்கில் சிறைக்குப் போன ஒருவரைப் பிள்ளைகள் படிக்கிற பத்திரிகையில் கொண்டாடுவது சரியா? (மதுரை, ஒரு தாய்)

அம்மா, கொண்டாடவில்லை. ஆனால் போன வாரம் அந்த வரியை எழுதியபோது இதையும் எழுதியிருக்க வேண்டும். பாதியை மட்டும் சொன்னது என் பிழைதான். இப்போது சொல்கிறேன்.

1975-ல் டல்லஸ் அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியது. அந்தப் பருவம் முடிவதற்குள் அங்கேயும் வேண்டாம் என்றுவிட்டார்கள். 32 வயதில் வேலை இல்லை, கூட்டம் இல்லை. குடி முன்பே இருந்தது. 1978-ல் மாறுவேடத்தில் வந்த போலீஸ் ஆளிடம் போதைப்பொருள் கொடுத்து மாட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 5 ஆண்டு தண்டனை, 10 மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகும் பழக்கம் உடனே விடவில்லை. மறுவாழ்வு மையத்துக்குப் போய்த்தான் மீண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததையும் உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். 1994-ல், 51 வயதில், பாதியில் நின்ற கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார். தொடக்கப் பள்ளிக் கல்வி படித்திருந்தார். உலகத்திலேயே வேகமாக ஓடிய மனிதர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் படிப்பை எடுத்திருக்கிறார் என்பது எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது, நானும் வாத்தியார் என்பதாலோ என்னவோ. 2001-ல் டல்லஸ் தன் மைதானத்து மரியாதை வளையத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. அப்போதே உடம்பு முடியவில்லை. 2002 செப்டம்பர் 18-ல் ஜாக்சன்வில்லில், 59 வயதில் இறந்தார். சிறுநீரகம் செயலிழந்துவிட்டது.

ஃபுட்பாலின் புகழ் மண்டபம் ஒஹையோ மாநிலம் கான்டனில் இருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்வியை அவர் பெயர் வந்தபோது பலரும் முணுமுணுத்தார்கள். 2004-ல் இறுதிப் பட்டியலுக்கு வந்தும் தேர்வாகவில்லை. அதைக் கண்டித்து, ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகையின் பால் சிம்மர்மேன் தேர்வுக் குழுவிலிருந்தே விலகினார். கடைசியில் 2009-ல் தேர்ந்தெடுத்தார்கள், இறந்து ஏழாவது வருடம்.

அதிலும் ஒரு கூத்து. தேர்வான செய்தி வந்ததும், ஹேஸ் 1999-லேயே எழுதி வைத்த நன்றிக் கடிதம் என்று ஒன்றைப் பொதுவில் வாசித்தார்கள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் யாரோ தாளை உற்றுப் பார்த்தார்கள். எழுத்துரு ‘கலிப்ரி’. அது பொதுமக்கள் கைக்கு வந்தது 2007-ல். கடிதத்தின் கதை என்ன என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. என் கண்ணில் படுவது, ஹேஸ் தன் வாயால் நன்றி சொல்லும் காலத்திலேயே அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்பதுதான். சிறைக்குப் போனதற்குச் சட்டம் தண்டனை கொடுத்தது, அவர் அனுபவித்தார். 371 பந்து, 7,414 கஜம், 71 டச் டவுன் எடுத்த கணக்கை எண்ணிப் பார்க்க அவ்வளவு வருடம் ஆகியிருக்க வேண்டாம்.

டோக்கியோ ரிலேயில் கடைசி 100 மீட்டரை ஹேஸ் 8.6 விநாடியில் ஓடினாராம். போல்ட்டின் 9.58-ஐவிட வேகமா? (ராமநாதபுரம்)

இல்லை. 9.58 என்பது நின்ற இடத்திலிருந்து கிளம்பி ஓடியது. ரிலேயில் கடைசி ஆள் பேட்டனை, அதாவது கை மாற்றும் கட்டையை, வாங்கும்போதே முழு வேகத்தை நெருங்கியிருப்பார். அதிலேயே ஏறக்குறைய ஒரு விநாடி மிச்சம். அந்த 8.6-கூட, ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவரைப் பொறுத்து 8.5 முதல் 8.9 வரை போகும். என் சொந்த 100 மீட்டர் நேரம் 11.4 என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடிகாரம் பிடித்தது என் உயிர் நண்பன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சிண்டர் தடத்தில் அந்த ஓட்டம், இன்றைய தளத்தில் இன்றைய ஆட்கள் ரிலேயில் ஓடுகிற கடைசி 100 மீட்டரோடு தோள் உரசி நிற்கிறது. அது போதும்.

மாஸ்டர், மண்டல அளவு ரிலேயில் என்னைக் கடைசி ஆளாகப் போட்டிருக்கிறார்கள். மற்ற மூன்று பேரும் என்னைவிட மெதுவாக ஓடுவார்கள். பின்தங்கி வந்தால் நான் என்ன செய்வது? (அரியலூர், பத்தாம் வகுப்பு)

டோக்கியோவிலும் இதே பேச்சு வந்தது. அமெரிக்க அணியில் பால் டிரேட்டன், ஜெரி ஆஷ்வொர்த், ரிச்சர்ட் ஸ்டெபின்ஸ், கடைசியாக ஹேஸ். பிரெஞ்சு அணியின் கடைசி ஆள் ஜோஸ்லின் தெலகூர், ‘உங்களிடம் ஹேஸைத் தவிர என்ன இருக்கிறது, ஜெயிக்க முடியாது’ என்று சீண்டினாராம். ஜெயித்த பிறகு டிரேட்டன், ‘அது ஒன்று போதும்’ என்றாராம். ஹேஸ் கைக்கு பேட்டன் வந்தபோது அமெரிக்கா ஐந்தாவது இடத்தில் இருந்தது. கோட்டைத் தாண்டும்போது முதலிடம், 39.0, உலக சாதனை. போலந்து இரண்டாவது, தெலகூரின் பிரான்ஸ் மூன்றாவது.

ஆனால் தம்பி, இதைப் படித்துவிட்டு நீ செய்யப் போகிற தப்பு எனக்குத் தெரியும். ஒரு வருடம் என் அணியின் கடைசிப் பையன், எல்லோரையும்விட வேகமானவன், முன்னால் மூன்று பேர் போவதைப் பார்த்துப் பதறிக் கிளம்பிவிட்டான். பேட்டனோடு வந்தவன் கையை நீட்டிக்கொண்டே பின்னால் ஓடுகிறான், இவன் காற்றைப் பிடிக்கிறான். எல்லை தாண்டித்தான் பேட்டன் கை மாறியது, அணியே வெளியே. ஐந்தாவதாக வந்த பேட்டனுக்கும் ஹேஸ் காத்திருந்துதான் வாங்கினார்.

அதனால் இப்படிச் செய். உனக்கு பேட்டன் தருகிறவன் முழு வேகத்தில் ஓடி வரட்டும். அவன் எந்த இடத்தை மிதிக்கும்போது நீ கிளம்பினால் இருவர் கையும் எல்லைக்குள் சேருகிறது என்று பார்த்து, அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடு. நீ நிற்கிற இடத்திலிருந்து பின்னால் உன் பாதத்தால் அளந்துகொள். இருபது பாதத்தில் ஆரம்பித்து, கூட்டிக் குறைத்துப் பார். அவன் அந்தக் கோட்டை மிதிக்கிற வரை தலை போனாலும் நகராதே. அப்புறம், எந்தக் கையில் வாங்கப் போகிறாய் என்று அவனிடம் முதலிலேயே சொல்லி வை.